ஒரு அதிகாரி பார்ப்பதற்கு ஊருக்கே ஏன் திறக்க வேண்டும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையில் விசா விதிகளை வகுப்பவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களை 2019 முதல் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கேட்கிறீர்கள். சரி, விண்ணப்பித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை 'பப்ளிக்' ஆக்க வேண்டும் என்றீர்கள். டிசம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவும், அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவும் கேட்பவர்களுக்கும் அதையே சொன்னீர்கள்.

யாரை உள்ளே விடுவது என்பது உங்கள் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுங்க அதிகாரி பெட்டியைச் சோதிக்கும்போது மேசைமேல் வைத்துத் திறக்கிறார், தெருவில் கொட்டுவதில்லை. நீங்கள் கொட்டச் சொல்கிறீர்கள்.

பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த ஒருவனுக்குப் பயந்து கணக்கைப் பூட்டிவைத்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். உங்கள் அதிகாரிக்காக அவள் பூட்டைத் திறந்தால் அவனும்தான் உள்ளே வருவான். அவள் படங்களில் இருக்கும் அக்கா குழந்தைகள் விசா கேட்கவில்லை. பூட்டிய இடம் என்று நம்பி அங்கே மனம்விட்டுப் பேசிய தோழிகளும் கேட்கவில்லை. அவர்களிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்?

அப்புறம், மொழி. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு "கொன்னுட்டான்டா" என்று எழுதினால் தமிழில் அது பாராட்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கொலை. ஐந்து வருட அரட்டையில் இப்படி எத்தனை இருக்கும்! இதை நினைத்துத்தான் பிள்ளைகள் பழைய பதிவுகளை உட்கார்ந்து அழிக்கிறார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர்கள் அவர்கள்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? உங்கள் நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்திய சமூக ஊடகச் சோதனை முன்னோட்டத் திட்டங்களை அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2017-இல் ஆராய்ந்தது. அவை வெற்றியா தோல்வியா என்று அளக்க வழியே வகுக்கவில்லை என்றது அந்த அறிக்கை.

'பப்ளிக்' நிபந்தனையை நீக்குங்கள். ஒரு பதிவைக் காரணம் காட்டி விசா மறுத்தால், எந்தப் பதிவு என்று சொல்லி விளக்கம் தர வாய்ப்புக் கொடுங்கள். நிபந்தனையை நீக்கும்வரை, அதிகாரி பார்த்து முடித்த அன்றே விண்ணப்பதாரருக்கு ஒரு வரி மின்னஞ்சலாவது அனுப்புங்கள், இனி பூட்டிக்கொள்ளலாம் என்று.

இப்படிக்கு,
விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அறிந்த ஒருவர்