பூவுக்கு வெங்காயம்

ஹரோ
செப்டெம்பர் 14

அன்புள்ள பிள்ளைக்கு,

எங்கள் முன்வளவில் நிற்கிற பூ என்ன, லீட்ஸில் உன்ர வளவிலும் வருமோ என்று அண்டைக்கு நீ ஃபோனில் கேட்டதுக்கு நான் வாய் திறக்க முதலே கொம்மா வாங்கிப் பேசத் தொடங்கிவிட்டா. அதுதான் எழுதுகிறேன்.

மே கடைசியில் அங்கே நிற்கிற ஊதாப் பூப்பந்துகள் அலியம். 'பர்ப்பிள் சென்சேஷன்' என்ற வகை. பெயர்தான் பெரிசு, வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எல்லாம் அந்த இனம்தான். உரும்பிராயில் அப்பப்பா செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைத்தவர். பூத்தண்டு வந்தால் முறித்து வறைக்குக் கொடுத்துவிடுவார். மகன் பூப் பார்க்கவென்று காசு கொடுத்து வெங்காயம் நடுகிறான் என்றால், துலாக்கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்திருப்பார்.

லீட்ஸ் குளிருக்குப் பயப்படாதே. குளிர் பட்டால்தான் இது பூக்கும். ஈரான், மத்திய ஆசியப் பக்கத்து மலைச்சரிவுகளில் வளர்ந்த சாதி, கோடையில் காய்ந்து கிடந்து பழகினது. தண்ணீர் தேங்கினால்தான் செத்துப்போகும். உன்ர வளவு களிமண் என்றாய். நானும் முதல் வருசம் களிமண்ணில் அப்படியே 20 கிழங்கு புதைத்தேன்; முளைத்தது 6. மிச்சத்தைத் தோண்டினால், அழுகின வெங்காய மூட்டை மணம்! ஆகவே நல்லா வெயில் படுகிற இடமாகப் பார்த்து, கொத்தி, சிறுசல்லிக்கல் கலந்துவிடு. கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம், எப்படியும் 15 சென்ரிமீற்றர் வரும். கூர்ப்பக்கம் மேலே.

பூக்கிற நேரம் இலை நுனி மஞ்சளாகிக் கருகும். பார்க்க அலங்கோலம்தான். வெட்டாதே! அந்த இலைதான் அடுத்த வருசப் பூவுக்குக் கிழங்கில் சாப்பாடு சேர்க்கிறது. ஒருமுறை விருந்தாட்கள் வருகினமென்று கொம்மா எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டா. தோடம்பழம் அளவில் வந்த பந்து அடுத்த வருசம் தேசிக்காயாகச் சுருங்கிப்போச்சு. (இதைப் போய் அவவிடம் கேட்காதே.) முன்னுக்கு ஜெரேனியம் பூச்செடி வைத்தால் இலை மறைந்துவிடும்.

டியூலிப் கிழங்குகளைக் களவெடுக்கிற அணில்கள் இதை மணந்துவிட்டுப் போய்விடும். உன்ர நாய்க்குட்டி அப்படிப் போகுமோ தெரியாது. வெங்காயச் சாதி நாய்க்கு நஞ்சு, அது கிளறுகிற மூலையில் நடாதே.

உனக்கென்று 25 கிழங்கு வாங்கி வைத்திருக்கிறேன். கூடவே 'கிறிஸ்டோஃபியை' என்ற இன்னொரு அலியம் வகையில் 5. அது குட்டை, ஆனால் பந்து ஒரு சாண் அகலம் வரும். காய்ந்த பிறகும் கொட்டாது, கொம்மா சாமியறை வாசலில் சாடியில் வைத்திருக்கிறாவே, அதுதான்.

ஒக்டோபர் கடைசியில் கொண்டு வாறோம். எனக்கு இப்ப முதுகு குனியாது. குழிகளைத் தோண்டி வை.

அப்பா