'அண்ட்' வந்தாலே கூட்டு வாக்கியமா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆங்கில வாக்கியத்தில் 'அண்ட்' என்ற சொல்லைக் கண்டதுமே, நீ பாடம் நடத்தும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டு வாக்கியம் என்று எழுதிவிடுகிறார்கள் என்று போனில் வருத்தப்பட்டாய். இணைப்புச் சொல்லைத் தேடும்படி கற்றுக்கொடுப்பதால் வரும் குறை இது என்றே நினைக்கிறேன். முதலில் முற்றுவினையைத் தேடச் சொல்; பிறகு அந்த வினையைச் செய்தது யார், எது என்று கேட்கச் சொல். எழுவாயும் முற்றுவினையும் கொண்ட தொடர் ஒன்றே இருந்தால் அது தனி வாக்கியம். தனித்து நிற்கக்கூடிய அத்தகைய தொடர்கள் இரண்டு, 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'சோ' போன்ற சொல்லாலோ அரைப்புள்ளியாலோ இணைந்திருந்தால் அது கூட்டு வாக்கியம். 'பிகாஸ்', 'ஆல்தோ' வந்து ஒரு தொடரை மற்றொன்றைச் சார்ந்து நிற்கச் செய்தால் அது கலவை வாக்கியம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீளத்தை நம்ப வேண்டாம். 'இன் ஸ்பைட் ஆஃப் த ஹெவி ரெயின், தி ஓல்டு மேன் வாக்டு டு த ஸ்டேஷன்' என்பது தனி வாக்கியம். ஐந்தே சொற்கள் கொண்ட 'இட் ரெயின்டு, சோ வீ ஸ்டேய்டு' கூட்டு வாக்கியம். இதையே 'மழை பெய்ததால் தங்கிவிட்டோம்' என்று மனத்துக்குள் தமிழாக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு முற்று ஒன்றுதான் தெரியும். ஆங்கிலத்திலோ 'ரெயின்டு', 'ஸ்டேய்டு' இரண்டுமே முற்று. ஆகவே வினைகளை ஆங்கில வாக்கியத்திலேயே எண்ணப் பழக்கு.

'ரவி அண்ட் சீதா சாங்' (பாடினார்கள்) என்பதில் சிக்கல் இல்லை; எழுவாய்தான் இரட்டித்திருக்கிறது. உண்மையான சிக்கல் 'ரவி ஓபன்டு த டோர் அண்ட் வென்ட் இன்' போன்றவற்றில்தான். முற்று இரண்டு, எழுவாய் ஒன்று. இன்றைய நூல்கள் பலவும் இதை இரட்டைப் பயனிலை கொண்ட தனி வாக்கியம் என்கின்றன. பழைய பள்ளி இலக்கணங்கள் சில, இரண்டாவது எழுவாய் மறைந்திருக்கும் சுருங்கிய கூட்டு வாக்கியம் என்று கொண்டன. இரண்டுக்கும் நியாயம் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதே. தேர்வில் 'ஓபனிங் த டோர், ரவி வென்ட் இன்' என்பதைக் கூட்டு வாக்கியமாக மாற்றச் சொன்னால், 'ரவி ஓபன்டு த டோர், அண்ட் ஹி வென்ட் இன்' என்று 'ஹி'யையும் 'அண்ட்' என்பதற்கு முன் காற்புள்ளியையும் சேர்த்து எழுதட்டும். யார் எந்த முறையில் திருத்தினாலும் அது கூட்டு வாக்கியமே.

கரும்பலகையில் எழுவாயின் கீழ் ஒரு கோடும் முற்றுவினையின் கீழ் இரண்டு கோடும் போட்டுக் காட்டு. 'ஓபனிங்', 'டு ஓபன்' ஆகியவற்றின் கீழ் கோடு போட வரும் பிள்ளையை நிறுத்தி, அது ஏன் முற்றில்லை என்று அவனையே சொல்லவிடு.

அன்புடன்,
அம்மா