பொன்னாடை வேண்டாம் ஐயா, வேலை கொடுங்கள்

மிஷனரிப் பயிற்சி மையங்களை நடத்தும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் மின்வாரியத்தில் 32 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். பிள்ளைகள் வெளியூரில், பென்ஷன் வருகிறது, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, அதனால் மூன்று வருஷமாக வருஷத்துக்கு இரண்டு மூன்று மாதம் பயிற்சி மையங்களில் போய்த் தங்கி உதவி செய்துவருகிறோம். இதுவரை இரண்டு மையங்கள். பெயர் எதையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லவருவது பல மையங்களுக்கும் பொருந்தும் என்று எங்களைப் போன்ற மற்ற தம்பதிகளோடு பேசியதில் தெரிந்துகொண்டேன்.

முதலில் போன இடத்தில் எங்களை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். விருந்தினர் அறை, தனிச் சாப்பாடு, சாயங்காலம் காபி. பத்து நாள் ஆகியும் ஒரு வேலையும் சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்டபோது, 'நீங்க ஜெபத்துல தாங்கினாலே போதும் ஐயா' என்றார்கள். மனைவியை மட்டும் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். வெங்காயம் உரிப்பதை அவர் தாழ்வாக நினைக்கிறவர் இல்லை, வீட்டில் தினமும் செய்கிறதுதான். ஆனால் அதே வாரம் ஒரு மாணவன் நாலு நாள் காய்ச்சலோடு ஹாஸ்டல் அறையில் படுத்திருந்தது ஐந்தாம் நாள்தான் அவருக்குத் தெரியவந்தது. வார்டில் அத்தனை வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்த ஒருவர் ஐம்பது அடி தூரத்தில் இருந்தும் அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அவர் அழுததை நான் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் நாளில் காணிக்கைக் கவர் ஒன்று கையில் வந்தது. கொடுத்தோம், சந்தோஷமாகத்தான் கொடுத்தோம், இருந்தாலும் நாங்கள் வந்தது அதற்காக இல்லை.

இரண்டாவது மையத்தில் போய் இறங்கின அன்றைக்கே வார்டன் தம்பி, 'அண்ணே, பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருங்குது, பசங்க பயப்படுறாங்க, கொஞ்சம் பாருங்க' என்றார். எனக்கு அப்போதுதான் வந்த இடம் நம்முடையது என்று பட்டது. கீசரில் மின்கசிவு இருந்தது, அது சின்ன விஷயம். கசிகிற கரண்டைப் பூமிக்குள் இறக்குவதற்காக மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைப் பார்த்தால் மண் மூடிக் கிடக்கிறது, பைப்பில் கட்டியிருந்த கம்பியைத் தொட்டதும் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. அதாவது அந்தக் கட்டிடம் முழுக்க எர்த்தே இல்லாமல் எத்தனை மழைக்காலம் ஓடியதோ. நாலு பையன்களை வைத்துக்கொண்டு புதிதாகக் குழி தோண்டினோம், இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினோம். கடைசியில் டெஸ்ட் லாம்பை எடுத்து ஒரு முனையை ஃபேஸிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது, எர்த் பிடித்துவிட்டது என்று பையன்கள் கை தட்டினார்கள். அப்புறம் கீசரை மாற்றி, மின்கசிவு வந்தால் தானாகவே கரண்டை நிறுத்துகிற இ.எல்.சி.பி. ஒன்றும் வாங்கிப் போட்டோம். அந்த நாலு பேரில் ஒருவன் இப்போது ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் இருக்கிறான், பள்ளிக்கூட ஒயரிங்கைத் தானே சரிசெய்ததாகப் போன் பண்ணினான்.

மனைவிக்கு அங்கே வாரம் மூன்று வகுப்பு கொடுத்தார்கள். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் பக்கம் ராஜ்மகால் மலைகளில் மால்தோ மொழி பேசும் பழங்குடி மக்களிடம் போகப்போகிறவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். மலேரியாவும், மணல் ஈ கடித்து வருகிற காலா அசார் காய்ச்சலும் பல பேரைக் கொண்டுபோன பகுதி அது. காய்ச்சல் வந்தால் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்காதே, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய், ஃபால்சிபாரம் வகை மலேரியா மூளைவரைக்கும் போகும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்வார். மண் சுவர் விரிசல்களில் மணல் ஈ ஒளிந்திருக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சலும் வயிற்றில் இடது பக்க வீக்கமும் இருந்தால் காலா அசாரா என்று பார், கிராமத்து ஜனங்களுக்கும் அதைச் சொல்லிக்கொடு என்பார். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் எத்தனையோ காய்ச்சல்காரர்களைத் தொட்டுப் பார்த்த கை சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிற விதமே வேறு.

நாங்களும் மொழி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவோம். மால்தோ நம் திராவிடக் குடும்பத்து மொழி, நம் 'கண்' அங்கே 'கனு'. அவ்வளவு தூரத்தில் ஒரு மலையில் நம் சொல் இருக்கிறது என்று கேட்டதும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நம் சபைகளுக்கு இது புது வழியும் இல்லை. 1903-இல் திருநெல்வேலியில் நம்மவர்களே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். சமைக்கும்போது மிஷனரி ஊழியத்துக்கென்று பிடி அரிசி எடுத்துவைத்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வீட்டை விட்டு முதல் தடவையாக வந்திருக்கிற 22 வயதுப் பிள்ளைக்கும் அதுதான் தேவை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் அறை வாசலில் வந்து உட்காருகிறவர்கள் பாடத்தில் சந்தேகம் கேட்க வருவதில்லை. அம்மாவுக்கு நான் வந்தது பிடிக்கவில்லை ஆன்ட்டி, கல்யாணம் பேசிய வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள் அங்கிள், இப்படித்தான். தேர்வு போடுகிற முதல்வரிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது.

வேதாகமத்தில் எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்த லேவியர் 50 வயதில் பாரமான வேலையை விடவேண்டும், ஆனால் கூடாரத்தில் தங்கள் சகோதரரோடு காவல் வேலையில் உதவியாக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்குப் போ என்று எழுதவில்லை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் தைத்துக்கொண்டேதான் அப்பொல்லோ என்ற பிரசங்கியைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆகவே கேட்கிறேன். நாங்கள் வருவதற்கு முன்பே, என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்டுச் செய்யவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். கணவருக்கு ஒரு பொறுப்பு, மனைவிக்குச் சமையல்கட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்காதீர்கள், அவர் என்ன வேலை பார்த்தவர் என்று அவரிடமே கேளுங்கள். சுகர், பிரஷர் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கொடுங்கள். ஒரு மாதம் கழித்து எங்களை உட்காரவைத்து, இது உதவுகிறது, இது இடைஞ்சலாக இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். எங்களில் சிலர் பழைய அதிகாரத்தோடே வந்து இறங்குவோம், பிள்ளைகளை விரட்டுவோம், அதையும் கண்டித்துச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஜூனில் புதுக் குழு சேர்க்கிறவர்கள் இப்போதே சேகரங்களுக்கு, அதாவது பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களுக்கு, எழுதினால் நல்லது. எங்கள் சபையில் மட்டும் ஒரு பிளம்பர், கணக்குப் பிள்ளையாக இருந்தவர் ஒருவர், இரண்டு டீச்சர்மார், ஒரு டிரைவர் எல்லாரும் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசிக்கிற அறிவிப்புகளில் பணத்தேவையோடு இந்த ஆள் தேவையையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தம்பதி