ஊசி போடுமுன் எங்களிடம் தமிழில் கேளுங்கள்

மத்திய, ஊவா மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கும், வார்ட்டுகளில் கடமை செய்யும் டொக்டர்மாருக்கும் தாதி மிஸ்மாருக்கும்,

வணக்கம். என் அம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். நிமோனியாவோடு வார்ட்டில் கிடந்தபோது, ஊசியோடு வந்த மிஸ் "அலர்ஜி?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. இல்லையென்று தலையாட்டிவிட்டார். பென்சிலினுக்கு உறவான செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்டிபயோட்டிக் மருந்து ஏறிய சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டியது. உடனே ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டார்கள், பிழைத்தார். முன்பொருமுறை பென்சிலின் போட்டபோதும் இப்படித்தான் ஆனது என்று அன்றிரவுதான் எங்களுக்கே சொன்னார்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாது என்பதை அறிவேன். ஆனால் மூச்சு முட்டும் அளவுக்குப் போனவருக்கு இதைக் கொடுக்கலாமா என்பதை டொக்டர் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அம்மா விஷயத்தில் அந்த யோசனைக்கே இடமில்லாமல் போய்விட்டது.

மருந்தின்மேல் எனக்குக் கோபமில்லை. மூளைக்காய்ச்சலிலும் முற்றிய எலிக்காய்ச்சலிலும் உயிர் காக்கிற மருந்து அது. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குக்கூட "ஊசி போட்டால்தான் சுகமாகும்" என்று டிஸ்பென்சரியில் அடம்பிடிப்பது நாங்கள்தான். அதை நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். "முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா? உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா?" என்று தமிழில் கேளுங்கள். தமிழ் தெரியாதவர் கடமையில் இருந்தால் அதே கேள்வியை எழுதிக் கட்டில் அருகே ஒட்டிவையுங்கள். தோலில் கொஞ்சம் மருந்து போட்டுப் பார்த்துவிட்டோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். தோலில் ஒன்றும் தெரியாதவருக்கும் பிறகு ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் பூட்டிய அலுமாரியில் இல்லாமல் ஊசித் தட்டிலேயே இருக்கட்டும்.

பிறந்து 28 நாளாகாத பிள்ளைக்கு இந்த ஊசியோடு கல்சியம் கலந்த சேலைன் ஏற்றக் கூடாது, தசையில் போடுவதற்காக லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தில் கலந்ததை இரத்த நாளத்தில் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாமல் இருப்பது எங்கள் பக்கத்துக் கதைதான். அதை எங்கள் வாயால்தான் கேட்டறிய முடியும்.

இலங்கையில் தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் சட்டமாயிற்று. வார்ட்டிலிருந்து வரும்போது தந்த அம்மாவின் டயக்னோசிஸ் கார்டில் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. பின்பக்கம் நானே தமிழில் எழுதி, அவரது அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன். எங்கள் லயத்தில் எழுதிக்கொடுக்க ஆளில்லாத வீடுகள் நிறைய உண்டு. அவர்களுடைய கார்டில் அந்த ஒரு வரியை நீங்களே தமிழில் எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்