நைட் லோரின் ஒற்றை நிறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்ககால வீட்டுக் கணினி விளையாட்டுகள் பற்றிய கட்டுரையில் இங்கிலாந்தின் 'அல்டிமேட் பிளே த கேம்' நிறுவனத்துக்கு உரிய இடம் கொடுத்திருந்தீர்கள், நன்றி. ஆனால் அவர்களின் 'நைட் லோர்' (1984) ஒரே நிறத்தில் இருப்பதற்கு ஸ்பெக்ட்ரம் கணினியில் நிறங்கள் இல்லாததே காரணம் என்று எழுதியிருப்பது தவறு. அது அந்நிறுவனத்தை நடத்திய ஸ்டாம்பர் சகோதரர்கள் யோசித்து எடுத்த முடிவு.

ஸ்பெக்ட்ரத்தில் எட்டு நிறங்கள் உண்டு. திரையில் 256×192 புள்ளிகள். அவற்றுக்கு 6,144 பைட். நிறத்துக்கோ 768 பைட்தான். 8×8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்களுக்கு மேல் வைக்க முடியாது. அவர்களின் இன்னொரு விளையாட்டான 'ஜெட்பேக்'கில் (1983) இரண்டு உருவங்கள் உரசினால் ஒன்றின் நிறம் மற்றதில் ஏறும். வேகத்தில் அது கண்ணை உறுத்தாது. நைட் லோரில் பொருள்கள் சாய்கோணத்தில் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன. அவற்றின் விளிம்புகள் கட்டத்தின் எல்லையோடு ஒருபோதும் பொருந்தா. பல நிறம் கொடுத்திருந்தால் அறை முழுக்க நிறம் சிதறியிருக்கும். அதனால்தான் அறைக்கு ஒரு நிறம், பின்னணி கறுப்பு.

இன்னொன்று, அதன் வேகம். ஸ்பெக்ட்ரத்தில் உருவங்களை நகர்த்தத் தனிச் சில்லு கிடையாது. 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசஸரே பின்னாலிருப்பதை முதலிலும் முன்னாலிருப்பதைக் கடைசியிலும் நினைவகத்தில் வரைந்து, பிறகு திரைக்கு நகலெடுக்கிறது. நகரும் பொருள்கள் கூடினால் ஆட்டம் மந்தமாகும், குறைந்தால் வேகமெடுக்கும். பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளான எமுலேட்டரில் இந்த மந்தத்தைப் போக்க வேகத்தைக் கூட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் காலியான அறைகளில் விளையாட்டின் நாயகன் சேபர்மேன் கட்டுக்கடங்காமல் ஓடுவார், தாவல் கணக்கு தப்பிவிடும். எமுலேட்டரில் 48கே (48 கிலோபைட் நினைவகம் கொண்ட) ஸ்பெக்ட்ரம் மாடலைத் தேர்ந்து, வேகத்தை 100 சதவீதத்திலேயே விடுவதுதான் நல்லது.

விளையாட்டு ஒலியாகப் பதிந்த பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிலுள்ள தரவில் பூஜ்ஜியம் சுமார் 2,000 ஹெர்ட்ஸ், ஒன்று சுமார் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி. டேப் ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் கூர்மையான ஒலிதான் முதலில் மங்கும். விளையாட்டை ஏற்றும்போது 'ஆர் டேப் லோடிங் எரர்' என்ற பிழைச் செய்தி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், நாடாவைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு கேசட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு ஸ்க்ரூவை மிக மெல்லத் திருப்புங்கள். ஒலி எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கணினியில் பதியும்போது டால்பி என்ற இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டு, மோனோவில், 44,100 ஹெர்ட்ஸில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 வேண்டாம், அதன் சுருக்கம் துடிப்புகளின் விளிம்பைக் குலைத்துவிடும்.

அன்புடன்,
ஒரு வாசகர்