ஸ்கோர் நோட்டு மறுபடியும் கைக்கு வந்த கதை

செங்கோட்டை,
9.11.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. அந்த பிசியோதெரபிப் பையனைத் திட்டாதே. வலிக்க வலிக்க அவன் மடக்கினால்தான் நீ இனி புனலூர் ஸ்டேஷன் படி ஏற முடியும். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பக்கம் போய் நாலு நாளாயிற்று.

"வயசான காலத்துல உனக்கு என்னடே பேஸ்பால் பைத்தியம்?" என்று கேட்டிருந்தாய். உன் தங்கச்சி போனில் போட்டுக்கொடுத்திருப்பாள். உண்மைதான், மறுக்கவில்லை.

அமெரிக்காவில், சியாட்டிலில் இருக்கும் பேத்தி ஜூன் கடைசியில் வந்தாள். அவர்களுக்குக் கோடை லீவு, நமக்குச் சாரல். அங்கே ராத்திரி ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை ஏழு, ஏழரை. திண்ணையில் செம்பில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய டீம் மரைனர்ஸ், சியாட்டில் ஊர் பேஸ்பால் டீம். முதல் ரெண்டு நாள் நான் பேப்பர்தான் படித்தேன். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால், பிள்ளை நோட்டில் கட்டம் போட்டு என்னமோ எழுதுகிறாள். ஸ்கோர்! நானும் நீயும் ஸ்கூல் கிரவுண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தென்காசிக்காரன் ஒவ்வொரு ஓவருக்கும் வந்து "சரியா எழுதுறீங்களாடே?" என்று மிரட்ட மிரட்ட எழுதினோமே, அதே சமாசாரம். அப்புறம் பேப்பர் எங்கே படிக்க?

இதிலே ஃபீல்டர் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பர். பந்து எறியும் பிட்சர் 1, மட்டைக்காரனுக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சர் 2, இப்படி ரைட் ஃபீல்டு 9 வரைக்கும். ஓடிப்போய்த் தொட வேண்டிய இடத்துக்கு பேஸ் என்று பேர். 6-4-3 என்று எழுதினால், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய், ரெண்டு பேர் அவுட். மூன்று எண்ணில் ஒரு முழுக் கலவரம்! மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்கத் தவறிய மூன்று பந்தில், ஒருத்தன் போனால் ஆங்கில 'கே' எழுத்து. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையை வீசாமல் நின்றுகொண்டே போனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அதைப் போடும்போது அவள் முகத்தில் ஒரு இளக்காரம் வரும் பார், நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்த முறைக்கு அடிபோட்டவர் யார் தெரியுமா? ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர், முதலில் கிரிக்கெட் நிருபர். அதாவது நம்ம ஆள்! 1938இல் அவரை பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் சேர்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பேத்திக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அவளுடைய தெய்வம் இச்சிரோ. மரைனர்ஸுக்கு ஆடிய ஜப்பான்காரர், ஒல்லி ஆள். 2004இல் 262 ஹிட் அடித்து (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்ந்தால் அது ஹிட்), ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் ஒரே சீசனில் வைத்த 257ஐத் தாண்டியவர். இவ்வளவுக்கும் இவள் அப்போது பிறக்கவே இல்லை; அப்பன் சொல்லிக் கேட்டதுதான். இந்த வருஷம் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தபோது 394 பத்திரிகைக்காரர்களில் 393 பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். "அந்த ஒரு ஆள் யாரு தாத்தா?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பாள். என்னிடம் கேட்டால்?

சாரல் விட்ட சாயங்காலங்களில் தெருவில் ஆட்டம். முறைப்படி 90 அடி வைத்தால் இரண்டாவது பேஸ் எதிர்வீட்டுத் தொழுவத்தில் விழும். அதனால் பாதி தூரம், பேஸுக்குச் செருப்பு. நம்ம பயல்கள் அடித்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடுவான்கள். இவள் "மட்டையக் கீழ போடு!" என்று அமெரிக்கத் தமிழில் கத்துவாள். கோனார் வீட்டுப் பேரன் லெக் கிளான்ஸ் ஒன்று தட்டினான். கிரிக்கெட்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாலு ரன். பேஸ்பாலில் பின்பக்கம் போனால் அது செல்லாத அடி; இவள் ஃபவுல் என்றுவிட்டாள். ஒரே சண்டை. நான்தான் அம்பயர், பேத்தி பக்கம் தீர்ப்புச் சொன்னேன். பயல் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் ஒன்று, வெறுங்கையால் அவன் பிடித்த கேட்ச்சைப் பார்த்து, கிளவுஸ் மாட்டியிருந்த இவள் அசந்து நின்றுவிட்டாள்.

எனக்குப் பிடித்தது வேறு. இதில் அவுட் ஆனவனுக்கு மறுபடியும் முறை வருகிறது. பத்துக்கு மூணு ஹிட் அடித்தாலே பெரிய ஆட்டக்காரன். முதல் பந்தில் போல்டாகிவிட்டு நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அவஸ்தை இல்லை. உனக்கு இது நன்றாகவே புரியும்! அதற்காக நான் கிரிக்கெட்டை விட்டுவிட்டேன் என்று ஊர் பூராவும் சொல்லிவிடாதே.

இப்போது அவள் அங்கே, நான் இங்கே. ஒரே ஆட்டத்தை ரெண்டு பேரும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒத்துப் பார்ப்போம். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை எழுந்து மரைனர்ஸ் டொரான்டோவுடன் மோதிய அரையிறுதி மாதிரியான தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் பார்த்தேன். மரைனர்ஸ் 1977இல் தொடங்கிய டீம், இறுதித் தொடரான உலகத் தொடரை இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும். எங்கள் ஆள் கால் ராலே ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்க 3-1. கேட்சர் வேலையும் பார்த்துக்கொண்டு சீசனில் 60 ஹோம் ரன் அடித்த மனுஷன் அவர். ஏழாவது இன்னிங்ஸில் டொரான்டோவின் ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ரன் எடுத்துவிட்டார். 4-3, முடிந்தது கதை. அன்றைக்கு போன் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ரெண்டு நாள் கழித்து மெசேஜ்: "தாத்தா, ஏழாவதுக்கு மேல நான் எழுதல. உங்க நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். எட்டாவதில் ஒரு கட்டம் தப்பு என்று திருத்தம் வந்தது.

அடுத்த சீசன் மார்ச் கடைசியில் தொடங்குகிறது. அதற்குள் உன் கால் சரியாகிவிடும். மகனை ரயிலேற்றிவிடச் சொல், செங்கோட்டை ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். உனக்கும் ஒரு நோட்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிரானூர் பரோட்டா பற்றி மட்டும் டாக்டரிடம் வாயைத் திறக்காதே.

உன்,
பழைய ஸ்கோரர்