கிளை நூலகத்தில் ஒரு பிளக் மீட்டர் வைக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

வெயில் காலம் வந்தால் போதும், கரண்டை மிச்சப்படுத்துவது எப்படி என்று எல்லாப் பத்திரிகையிலும் குறிப்புகள் வரும், உங்களுடையதிலும்தான். ஆளில்லாத அறையில் லைட்டை அணையுங்கள், செல்போன் சார்ஜரைக் கழற்றி வையுங்கள். பல வருஷமாக அதை அப்படியே செய்துவருகிறோம். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வந்தால் 530, 540 என்றுதான் நிற்கும், அப்புறம் யார் காரணம் என்று ஒரு பஞ்சாயத்து. மாமியார் கிரைண்டரைச் சொல்வார், என் வீட்டுக்காரர் அயர்ன் பாக்ஸைச் சொல்வார், நான் அவருடைய லேப்டாப்பைச் சொல்வேன்.

போன வருஷம் என் தம்பி ஒரு பிளக் மீட்டர் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவுதான். சுவரில் உள்ள பாயிண்டில் இதைச் செருகி, இதன் மேல் நம் சாமானின் பிளக்கைச் செருகினால் அந்த நொடியில் எத்தனை வாட் இழுக்கிறது, இதுவரை எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று காட்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டையே சல்லடை போட்டுச் சலித்தேன்.

முதலில் கிரைண்டர். 40 நிமிஷம் மாவு அரைத்ததற்கு 0.1 யூனிட். மாமியாரிடம் காட்டினேன், மீட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். சரி. உண்மையான ஆசாமி ஹாலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. செட் டாப் பாக்ஸ், ரிமோட்டில் அணைத்துச் சிவப்பு விளக்கு எரியும்போதும் 11 வாட் இழுக்கிறது, ஓடும்போது 12! இரண்டு மாதம் இப்படியே கிடந்தால் 16 யூனிட் அதற்கே போய்விடும், இப்போது பார்க்காத நேரத்தில் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம்.

அதைவிடப் பெரிய ஆள் இன்வெர்ட்டர். இதை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் லைனில் உள்ள பேனும் லைட்டும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அதன் சொந்தச் செலவு தெரியும். பேட்டரி முழுசாக ஏறிய பிறகும் எங்களுடையது 38 வாட்டில் நின்றது, இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 55 யூனிட். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்றார், மாற்றினோம், 14க்கு இறங்கியது.

பிரிட்ஜை அரை மணி நேரம் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், அதனால் ஒரு முழு நாளாவது விட வேண்டும். எங்களுடையது நாளைக்கு 1.9 யூனிட். கதவு ரப்பர் ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது, புது ரப்பர் போட்டதும் 1.5. ஸ்டார் லேபிளில் ஒரு வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள், அதை 365ஆல் வகுத்து இந்த எண்ணோடு ஒப்பிட்டால் உங்கள் பிரிட்ஜின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இப்படி இரண்டு மாதத்துக்கு நாங்கள் குறைத்தது சுமார் 70 யூனிட். பெரிசா என்று கேட்கலாம். நம் ஊர்க் கட்டணத்தில் 500 என்பது ஒரு சுவர் மாதிரி. 2022 செப்டம்பரில் போட்ட கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 501க்கு 1958 என்று இருந்தது. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய், ஏனென்றால் 500ஐத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரைக்கும் இருந்த பாதி விலைச் சலுகை அந்த ஒரு யூனிட்டில் பறிபோனது.

இந்த மீட்டரில் சில வில்லங்கமும் உண்டு. 6 ஆம்பியர் மீட்டரில் கீசரையோ ஏசியையோ மாட்டினால் உருகிவிடும், அதற்கு 16 ஆம்பியர் உள்ளதுதான் வேண்டும். சீலிங் பேனுக்கு பிளக் கிடையாது, ஆகவே அளக்க வழியில்லை (அதற்கு ஒரு நாட்டு வைத்தியம்: எல்லாவற்றையும் அணைத்து பேனை மட்டும் ஓடவிட்டு ஈபி மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணுங்கள், எங்கள் மீட்டரில் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது). ஒரு வாட்டுக்குக் கீழே மலிவு மீட்டர்கள் சரியாகக் காட்டுவதில்லை, செல்போன் சார்ஜரைச் சும்மா செருகி வைத்தால் பூஜ்யம் என்கிறது, அவ்வளவுதான் அதன் கண்பார்வை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு இது ஒரு வாரத்துக்குமேல் தேவைப்படாது, இதற்குப் போய் ஆளுக்கு ஒன்று காசு கொடுத்து வாங்குவது அபத்தம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் பல பொது நூலகங்கள் புத்தகம் போலவே இந்த மீட்டரையும் உறுப்பினர் அட்டைக்கு இரவல் தருகின்றன. நம் கிளை நூலகங்களிலும் 16 ஆம்பியரில் இரண்டிரண்டு வாங்கிவைத்து, எப்படிப் பார்ப்பது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கூடவே கொடுத்தால் என்ன? ஈபி பிரிவு அலுவலகத்திலும் தரலாம்தான், ஆனால் அங்கே பில் கட்டும் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், நூலகமே தேவலை.

என் மீட்டர் இப்போது மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது. எங்கள் கிளை நூலகர் வாங்கிக்கொள்வதாக இருந்தால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி